பாசிவ் வாக்கியத்தில் ஆல்வேஸ், ஆஃபன், நெவர் எங்கே வரும்?

முகர்ஜிநகர்_முத்து:
எல்லோருக்கும் வணக்கம். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்காக டெல்லி முகர்ஜி நகரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். மாதிரித் தேர்வில் வந்த ஒரு கேள்வியை வைத்து அறையில் மூன்று பேருக்கும் வாக்குவாதம். ஆக்டிவ் வாக்கியம் இது:

“தி கமிட்டி ஹேஸ் ஆஃபன் ரிஜெக்டட் சச் ப்ரபோசல்ஸ்.”

இதைப் பாசிவில் மாற்ற வேண்டும். கொடுத்த விடைகள்:

அ) சச் ப்ரபோசல்ஸ் ஹேவ் ஆஃபன் பீன் ரிஜெக்டட் பை தி கமிட்டி.
ஆ) சச் ப்ரபோசல்ஸ் ஹேவ் பீன் ஆஃபன் ரிஜெக்டட் பை தி கமிட்டி.
இ) சச் ப்ரபோசல்ஸ் ஆஃபன் ஹேவ் பீன் ரிஜெக்டட் பை தி கமிட்டி.
ஈ) சச் ப்ரபோசல்ஸ் வேர் ஆஃபன் ரிஜெக்டட் பை தி கமிட்டி.

சரியான விடை அ என்று போட்டிருக்கிறார்கள். ஈ தப்பு என்று புரிகிறது, காலமே மாறிவிட்டது. ஆனால் ஆ ஏன் தப்பு? அறை நண்பன் சொல்லும் விதி, “அட்வெர்ப் எப்போதும் வி3-க்கு (ரிஜெக்டட், ரிட்டன் போன்ற வினையின் மூன்றாம் வடிவத்துக்கு) ஒட்டித்தான் வரும்” என்பது. அவன் சொல்வது போல “கேர்ஃபுல்லி செக்ட்”, “பேட்லி ரிட்டன்” எல்லாம் ஒட்டித்தானே வருகின்றன? யாராவது விளக்குங்கள்.

மயூர்விஹார்_மீனாட்சி:
முத்து, உங்கள் நண்பர் சொல்வது வேறொரு வகை அட்வெர்புக்கான விதி. அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டுகிறார்.

“எப்படி” என்ற கேள்விக்குப் பதில் சொல்பவை (கேர்ஃபுல்லி, பேட்லி, நீட்லி) பாசிவில் வி3-க்குப் பக்கத்தில் வரும். “எத்தனை தடவை” என்ற கேள்விக்குப் பதில் சொல்பவை (ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர்) முதல் ஹெல்பிங் வெர்புக்கு (இஸ், ஹேவ், ஷுட் போன்ற துணைவினைக்கு) அடுத்து வரும். ஹெல்பிங் வெர்ப் ஒன்றே ஒன்று இருந்தால் இரண்டு விதியும் ஒரே இடத்தைக் காட்டும், அதனால்தான் குழப்பமே வருகிறது. “தி கேட் இஸ் ஆல்வேஸ் லாக்ட்”, “தி கேட் இஸ் ப்ராப்பர்லி லாக்ட்”, இரண்டிலும் அட்வெர்ப் ஒரே இடத்தில் நிற்கிறது. ஹெல்பிங் வெர்ப் இரண்டு, மூன்று என்று ஏறும்போதுதான் பிரிவார்கள்:

“தி கேட் ஹேஸ் நெவர் பீன் லாக்ட்.”
“தி கேட் ஷுட் ஆல்வேஸ் ஹேவ் பீன் லாக்ட்.”
“தி கேட் ஹேஸ் பீன் ப்ராப்பர்லி லாக்ட்.”

இரண்டு வகையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் இன்னும் தெளிவு: “தி அக்கவுண்ட்ஸ் ஹேவ் ஆல்வேஸ் பீன் கேர்ஃபுல்லி செக்ட்.” இந்த இரண்டையும் இடம் மாற்றி “ஹேவ் கேர்ஃபுல்லி பீன் ஆல்வேஸ் செக்ட்” என்று சொல்லிப் பாருங்கள், காதுக்கே ஒத்துவராது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆ-வை நான் சிவப்பு மையால் அடிக்க மாட்டேன். பழைய புத்தகங்களில் அப்படி எழுதியவர்கள் உண்டு. இ-யும் அழுத்தம் கொடுத்துப் பேசும்போது வரும், அமெரிக்கப் பத்திரிகைகளில் சாதாரணமாகவே கண்ணில் படும். ஆனால் இயல்பான இடம் எது என்று கேட்டால் அ. தேர்வில் வேறு எதையும் யோசிக்காமல் அதையே போடுங்கள்.

பச்சைத்தாள்:
தம்பி முத்து, மேடம் சொன்னதற்கு ஊரறிந்த சான்றே இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 106-ஆவது பிரிவைப் பாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் பற்றியது. “சச் சேலரீஸ் அண்ட் அலவன்சஸ் ஆஸ் மே ஃப்ரம் டைம் டு டைம் பி டிடர்மின்ட் பை பார்லிமென்ட் பை லா” என்று வருகிறது. “மே”தான் முதல் ஹெல்பிங் வெர்ப். “ஃப்ரம் டைம் டு டைம்” நான்கு சொல்லாக இருந்தாலும் “மே”க்கும் “பி”க்கும் நடுவில்தான் வந்திருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) 2005-லும் ஒன்று உண்டு. பிரிவு 7(9): “ஆன் இன்ஃபர்மேஷன் ஷல் ஆர்டினரிலி பி ப்ரொவைடட் இன் தி ஃபார்ம் இன் விச் இட் இஸ் சாட்.” கேட்ட வடிவத்திலேயே தகவலைத் தர வேண்டும், அப்படித் தந்தால் அலுவலகத்தின் ஆட்களும் நேரமும் அளவுக்கு மீறிச் செலவாகும் அல்லது ஆவணத்துக்குக் கேடு வரும் என்றால் தவிர. “ஷல்”லுக்கு அடுத்து “ஆர்டினரிலி”, அப்புறம் “பி ப்ரொவைடட்”. (“ஆன் இன்ஃபர்மேஷன்” என்று ஆரம்பிப்பதைப் பார்த்து மேடம் முகம் சுளிப்பார். சட்டத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.)

நாற்பது வருடத்துக்குப் பக்கமாக மத்திய அரசு அலுவலகத்தில் நோட்டிங் (கோப்புக் குறிப்பு) எழுதியவன் நான். எங்கள் வேலை முழுக்கப் பாசிவ்தான். கடிதம் என்றால் “ஐ ஆம் டைரக்டட் டு”, ஆபீஸ் மெமோ என்றால் “தி அண்டர்சைன்ட் இஸ் டைரக்டட் டு”. யார் சொன்னார்கள் என்று சொல்லாமல் சொல்லப்பட்டது என்று எழுதுவது. அதிலே “ஆஃபன்”, “யூஷுவலி”, “இன்வேரியபிலி” இவையெல்லாம் எங்கே வருகின்றன என்று பார்க்காத நாள் கிடையாது.

முகர்ஜிநகர்_முத்து:
டீச்சர், சார், இரண்டு பேருக்கும் நன்றி. ஆர்டிஐ எடுத்துக்காட்டை நண்பனிடம் காட்டினேன். “சட்டத்துக்கு ஒரு இலக்கணம், தேர்வுக்கு ஒரு இலக்கணமா” என்று பேச்சை மாற்றிவிட்டான்.

இன்னொரு கேள்வி. “நோபடி ஹேஸ் எவர் ஓபன்ட் திஸ் பாக்ஸ்” என்பதைப் பாசிவில் மாற்றும்போது “திஸ் பாக்ஸ் ஹேஸ் எவர் பீன் ஓபன்ட் பை நோபடி” என்று ஒரு விடை இருந்தது. எவர் முதல் ஹெல்பிங் வெர்புக்கு அடுத்து சரியான இடத்தில்தானே வந்திருக்கிறது? ஆனால் தப்பாம்.

மயூர்விஹார்_மீனாட்சி:
இடம் சரி, துணை இல்லை. “எவர்” தனியாக நிற்காது, அதற்கு முன்னால் ஒரு மறுப்போ கேள்வியோ வந்திருக்க வேண்டும். ஆக்டிவில் “நோபடி” முதலிலேயே வந்துவிட்டதால் “எவர்” தைரியமாக நின்றது. பாசிவில் “நோபடி” கடைசிக்குப் போய்விட்டது, “எவர்” வரும்போது மறுப்பு இன்னும் வரவில்லை. அதனால் மறுப்பையும் எவரையும் சேர்த்து நெவர் ஆக்கிவிட வேண்டும்: “திஸ் பாக்ஸ் ஹேஸ் நெவர் பீன் ஓபன்ட் பை எனிபடி.” கடைசி இரண்டு சொல் இல்லாமலும் போதும். கேள்வியானால் கவலையே இல்லை: “ஹேஸ் திஸ் பாக்ஸ் எவர் பீன் ஓபன்ட்?”

ஜனக்புரி_அப்பா:
நல்ல இழை. என் மகள் எட்டாம் வகுப்பு. “தி ஸ்கூல் பஸ் கெட்ஸ் ஆல்வேஸ் டிலேய்ட்” என்று எழுதினாள், ஆசிரியை தப்பு போட்டுவிட்டார். “இஸ் ஆல்வேஸ் டிலேய்ட்” மட்டும் எப்படிச் சரி என்று வீட்டில் வந்து என்னைக் கேட்கிறாள். கெட்டும் இஸ்ஸும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? எனக்குக் கணக்குதான் வரும், இது வராது.

மயூர்விஹார்_மீனாட்சி:
ஒரே வேலை செய்வது போல இருக்கும். ஆனால் “கெட்” ஹெல்பிங் வெர்ப் கிடையாது, அது முழு வெர்ப். கேள்வியாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். “இஸ் தி பஸ் டிலேய்ட்?” என்று “இஸ்” தானே முன்னால் ஓடிவரும். “கெட்ஸ் தி பஸ் டிலேய்ட்?” என்று யாரும் கேட்பதில்லை. “டஸ் தி பஸ் கெட் டிலேய்ட்?” என்று “டஸ்”ஸைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. முழு வெர்ப் என்றால் அட்வெர்ப் அதற்கு முன்னால்: “தி பஸ் ஆல்வேஸ் கெட்ஸ் டிலேய்ட்.” மறுத்துச் சொன்னால் “டஸின்ட் ஆஃபன் கெட் டிலேய்ட்”, அங்கே “டஸின்ட்”தான் முதல் ஹெல்பிங் வெர்ப்.

இதே குணம் “ஹேஸ் டு”வுக்கும் உண்டு. “தி ஃபார்ம் ஆல்வேஸ் ஹேஸ் டு பி சைன்ட்” என்பதுதான் இன்றைய வழக்கம். “மஸ்ட்” என்றால் “மஸ்ட் ஆல்வேஸ் பி சைன்ட்.”

சும்மா_படிப்பவன்:
எனக்கு ஒரே ஒரு பாசிவ் வாக்கியம்தான் வாழ்க்கையில் பயன்பட்டிருக்கிறது. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனாலும் சரி, தமிழ்ச் சங்கத்தில் கச்சேரிக்குப் போனாலும் சரி, “ஐ ஆம் ஆல்வேஸ் பீயிங் ஆஸ்க்ட் வென் ஐ வில் கெட் மேரீட்.” இதில் எத்தனை தப்பு டீச்சர்?

மயூர்விஹார்_மீனாட்சி:
தப்பே இல்லை, முழு மதிப்பெண். கேட்கிறவர்கள் மேலே உங்களுக்கு இருக்கும் எரிச்சலும் அதிலேயே வந்துவிட்டது. “ஐ ஆம் ஆல்வேஸ் ஆஸ்க்ட்” என்றால் வெறும் தகவல். “பீயிங்” சேர்த்தால் சலிப்பு தொனிக்கும். “ஆல்வேஸ்” அங்கே எப்போதும் என்று பொருள்படுவது கூட இல்லை, “தாங்க முடியாத அளவுக்கு” என்கிற மாதிரிதான்.

கரோல்பாக்_குமரன்:
இடம் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். எனக்குச் சம்பளம் கொடுக்கும் பிரச்சினை வேறு. நான் நொய்டாவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் கையேடு எழுதுகிறேன். அங்கே நாள் முழுக்கத் தலைவலி “நாட்” எங்கே, அட்வெர்ப் எங்கே என்பதுதான். நான்கு வாக்கியம் தருகிறேன் (“லாக்ஸ்” என்றால் மென்பொருள் தன் வேலையைக் குறித்து வைக்கும் பதிவுகள், பூட்டு இல்லை):

“தி லாக்ஸ் ஆர் நாட் ஆல்வேஸ் டிலீட்டட்.” சில சமயம் அழியும், சில சமயம் அழியாது.

“தி லாக்ஸ் ஆர் ஆல்வேஸ் நாட் டிலீட்டட்.” ஒருபோதும் அழியாது என்று பொருள். ஆனால் இப்படி யாரும் எழுதக் கூடாது, அதற்குத்தான் “நெவர்” இருக்கிறது. இந்திய ஆங்கிலத்தில் இது நிறையவே வருகிறது, என் மேசைக்கு வரும் வரைவுகளில் நானே பார்க்கிறேன். எழுதியவர் மனதில் இருப்பது முதல் வாக்கியமா, “நெவர்”ஆ என்று அவரைக் கேட்டால்தான் தெரியும்.

“தி லாக்ஸ் ஆர் நாட் ஆஃபன் டிலீட்டட்.” அழிவது அபூர்வம்.

“தி லாக்ஸ் ஆர் ஆஃபன் நாட் டிலீட்டட்.” அழியாமல் நின்றுவிடும் சந்தர்ப்பங்கள் நிறைய.

கடைசி இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஜனக்புரி அப்பாவுக்குப் பிடிக்கும். 100 தடவை ஓட்டியதில் 60 தடவை அழிந்தது, 40 தடவை அழியவில்லை. 40 என்பது கணிசமான எண்ணிக்கை, எனவே “ஆஃபன் நாட் டிலீட்டட்” உண்மை. 60 தடவை அழிந்திருப்பதால் “நாட் ஆஃபன் டிலீட்டட்” பொய். ஒரே இரண்டு சொல், வரிசை மாறியதும் உண்மையே மாறிவிட்டது. அட்வெர்ப் முன்னால் நின்றால் அது “நாட்”டையும் சேர்த்து எண்ணுகிறது. “நாட்” முன்னால் நின்றால் அது அட்வெர்பையே மறுக்கிறது.

“சம்டைம்ஸ்” மட்டும் பிடிவாதக்காரன். “ஆர் சம்டைம்ஸ் நாட் டிலீட்டட்” வரும், “ஆர் நாட் சம்டைம்ஸ் டிலீட்டட்” வராது.

பச்சைத்தாள்:
குமரன் சொன்னது “ஆல்வேஸ்”, “ஆஃபன்” இரண்டுக்கும் நூற்றுக்கு நூறு. ஆனால் “யூஷுவலி”, “ஆர்டினரிலி”, “நார்மலி” ஆகியவற்றில் அந்தக் கணக்கு ஓடாது. “லீவ் இஸ் நாட் ஆர்டினரிலி கிராண்டட்”, “லீவ் இஸ் ஆர்டினரிலி நாட் கிராண்டட்”, எப்படி எழுதினாலும் பிரிவு அதிகாரி ஒரே மாதிரிதான் படிப்பார்: சாதாரணமாகக் கிடைக்காது, விசேஷக் காரணம் இருந்தால் பார்க்கலாம். எத்தனையோ கோப்புகளில் இரண்டு வடிவமும் வந்திருக்கின்றன, யாரும் இதற்காக விளக்கம் கேட்டதாக நினைவில்லை.

கரோல்பாக்_குமரன்:
ஒத்துக்கொள்கிறேன் சார். பாதிக்கு மேல் என்று சொல்லும் சொற்களில் அந்த இரண்டும் நெருங்கிவிடும். பெரும்பாலும் நடக்காது என்றாலும், பெரும்பாலும் நடக்கும் என்பது பொய் என்றாலும், கேட்கிறவர் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார். “ஆஃபன்” பாதியைத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை, அதனால்தான் அங்கே இடைவெளி தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மீனாட்சி மேடத்தின் விதிக்கு விலக்கு போலத் தோன்றும். “ஆர் நாட்” என்பதைச் சுருக்கி “ஆரன்ட்” என்று எழுதினால் ஹெல்பிங் வெர்பும் “நாட்”டும் ஒட்டிக்கொண்டன, நடுவில் அட்வெர்புக்கு இடமே கிடையாது. அப்போது “தி லாக்ஸ் ஆஃபன் ஆரன்ட் டிலீட்டட்”, “சம்டைம்ஸ் ஆரன்ட் டிலீட்டட்” என்று முன்னால் வந்துவிடும். “ஆல்வேஸ்” மட்டும் பின்னால்தான்: “ஆரன்ட் ஆல்வேஸ் டிலீட்டட்.”

முனிர்க்கா_நிலா:
வணக்கம். ஜேஎன்யூவில் மொழியியல் படிக்கிறேன். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டே இருந்தேன், எல்லோரும் தொடாமல் விட்ட ஒன்று இருக்கிறது. குமரன் அண்ணா “எண்ணுகிறது” என்றார். எதை எண்ணுகிறது?

“எத்தனை தடவை” என்ற கேள்விக்குப் பதில் சொல்பவை என்று மீனாட்சி மேடம் விளக்கம் கொடுத்தார். எல்லாப் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இந்த வாக்கியங்களில் அது பொருந்துகிறதா பாருங்கள்:

“மை நேம் இஸ் ஆஃபன் மிஸ்ஸ்பெல்ட்.” ஒரு பெயர், பல தடவை தப்பாக எழுதுகிறார்கள். பொருந்துகிறது.

“ட்வின்ஸ் ஆர் ஆஃபன் பார்ன் ப்ரிமெச்சூர்.” இரட்டைக் குழந்தைகள் அடிக்கடியா பிறக்கிறார்கள்? ஒரு குழந்தை ஒரு தடவைதான் பிறக்க முடியும். இங்கே “ஆஃபன்” எண்ணுவது தடவைகளை இல்லை, ஆட்களை. பிறக்கும் இரட்டையர்களில் நிறையப் பேர் குறைமாதத்தில் பிறக்கிறார்கள் என்பதுதான் பொருள்.

“ஓல்ட் டெல்லி ஹவுசஸ் வேர் யூஷுவலி பில்ட் அரவுண்ட் எ கோர்ட்யார்ட்.” ஒரு வீடு ஒரு முறைதான் கட்டப்படும். பெரும்பாலான வீடுகள் முற்றத்தைச் சுற்றிக் கட்டப்பட்டன என்பதைத்தான் “யூஷுவலி” சொல்கிறது.

எழுவாயை ஒருமையாக்கினால் சாயம் வெளுத்துவிடும். “திஸ் ஹவுஸ் வாஸ் யூஷுவலி பில்ட் அரவுண்ட் எ கோர்ட்யார்ட்” என்று சொல்ல முடியாது. எண்ணுவதற்கு வீடும் ஒன்றுதான், தடவையும் ஒன்றுதான்.

டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1975-ல் ஒரு கட்டுரையில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். “ஆல்வேஸ்”, “யூஷுவலி”, “ஆஃபன்”, “நெவர்” எல்லாம் நேரத்தை எண்ணுகின்றன என்று நினைக்கிறோம், உண்மையில் அவை எண்ணுவது கேஸ்களை என்றார். தனித்தனி நிகழ்வும் கேஸ் ஆகலாம், தனித்தனி ஆளும் பொருளும் கேஸ் ஆகலாம். பச்சைத்தாள் சார் சொன்ன ஆர்டிஐ வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனுவுக்குத் தகவல் திரும்பத் திரும்பக் கொடுப்பது பற்றியா அது பேசுகிறது? மனு மனுவாக எடுத்துப் பார்த்தால் சாதாரண மனு எல்லாவற்றிலும் கேட்ட வடிவத்திலேயே கொடு என்கிறது.

பாசிவில் இது ஏன் இத்தனை அதிகம் வருகிறது என்றால், செய்தவர் காணாமல் போய், செய்யப்பட்டது முன்னால் வந்து நிற்கிறது. எண்ணுவதற்குக் கண்ணெதிரே இருப்பது அதுதான்.

கரோல்பாக்_குமரன்:
நிலா, விஷயம் பிடித்திருக்கிறது, ஆனால் கடைசிப் பத்தியோடு சண்டை. ஆக்டிவிலும் இதே கதைதானே? “டமில்ஸ் ஆஃபன் ஹேவ் இனிஷியல்ஸ்” என்றால் ஒரு தமிழருக்கு அடிக்கடி இனிஷியல் வந்து போகிறது என்றா பொருள்? பல தமிழர்களுக்கு இனிஷியல் உண்டு என்றுதான். பாசிவுக்கு என்ன தனிச் சிறப்பு?

முனிர்க்கா_நிலா:
தனிச் சிறப்பு என்று சொல்லவில்லை அண்ணா. பன்மை எழுவாயும், ஒருமுறைதான் நடக்கக்கூடிய வினையோ மாறாத நிலையோ இருந்தால் எந்த வாக்கியத்திலும் இது நடக்கும். பில்ட், பார்ன், ரிட்டன், நேம்ட், பரீட் போன்றவற்றில் அந்தப் பொருளுக்கோ ஆளுக்கோ அது ஒரு முறைதான் நடக்கும். ஆனால் செய்கிறவர் பல தடவை செய்யலாம். ஒரு கொத்தனார் நூறு வீடு கட்டலாம், ஒரு வீட்டை ஒரு முறைதான் கட்ட முடியும். “மேசன்ஸ் ஆஃபன் பில்ட் சச் ஹவுசஸ்” என்ற ஆக்டிவில் கொத்தனார் அடிக்கடி கட்டுகிறார் என்ற பொருள் இயல்பாக வரும். பாசிவாக்கி “சச் ஹவுசஸ் ஆர் ஆஃபன் பில்ட் பை மேசன்ஸ்” என்றால் அப்படிப்பட்ட வீடுகளில் பல கொத்தனார் கட்டியவை, மற்றவை வேறு யாரோ கட்டியவை என்ற பொருள் முன்னுக்கு வருகிறது. ஆக்டிவும் பாசிவும் ஒரே பொருள் என்று தேர்வுக்குப் படிக்கிறோமே, இங்கே கண்ணெதிரில் விலகுகிறது.

பாசிவில் பொருள் நகரும் என்பது பழைய செய்திதான். “எவ்ரிஒன் இன் தி ரூம் நோஸ் அட் லீஸ்ட் டூ லாங்க்வேஜஸ்” என்பதும் அதன் பாசிவும் ஒரே பொருள் தராமல் போகலாம் என்று நோம் சாம்ஸ்கி 1957-லேயே எழுதினார். ஆக்டிவில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு இரண்டு மொழியாக இருக்கலாம். பாசிவில் எல்லோருக்கும் பொதுவான இரண்டு மொழி என்று படிக்கத் தோன்றுகிறது. டெல்லியில் ஒரு தமிழ் வீட்டுக் கூடத்தில் இந்த வாக்கியத்தைச் சொன்னால் இரண்டும் உண்மையாகவே இருக்கும், அது வேறு விஷயம்.

பச்சைத்தாள்:
நிலா சொன்னதைப் படித்ததும் பழைய டைரக்டர் ஒருவர் நினைவுக்கு வந்தார். கோப்பில் “சச் ரிக்வெஸ்ட்ஸ் ஆர் யூஷுவலி ரிஜெக்டட்” என்று எழுதி அனுப்பினால் ஓரத்தில் பென்சிலால் “எத்தனைக்கு எத்தனை?” என்று எழுதித் திருப்பிவிடுவார். அப்போது எரிச்சலாக இருக்கும். “ஆஃப் தி 42 ரிக்வெஸ்ட்ஸ் ரிசீவ்ட், 35 வேர் ரிஜெக்டட்” என்று எழுதினால்தான் மேலே போகும். பாசிவில் அட்வெர்ப் போடுகிற இடத்தில் முக்கால்வாசி, எண்ணிச் சொல்லச் சோம்பல்பட்ட இடம்தான் என்பது என் அபிப்பிராயம். சட்டம் எழுதுகிறவருக்கு “ஆர்டினரிலி” தேவை, வரப்போகும் கேஸை அவரால் எண்ண முடியாது. நடந்து முடிந்ததை எழுதுகிற குமாஸ்தாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கரோல்பாக்_குமரன்:
சார், உங்கள் டைரக்டரை எங்கள் கம்பெனிக்கு அனுப்பிவையுங்கள்.

முகர்ஜிநகர்_முத்து:
கேஸ் விவகாரம் சுவையாக இருக்கிறது, ஆனால் எஸ்எஸ்சியில் அதைக் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். எனக்கு வரக்கூடியது இது: “செல்டம் இஸ் சச் ஆன் ஆஃபர் மேட்” என்று ஒரு வாக்கியம் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் வந்தது. இஸ் எழுவாய்க்கு முன்னால் இருக்கிறதே என்று அதைப் பிழை என்று குறித்தேன். பிழை இல்லையாம்.

மயூர்விஹார்_மீனாட்சி:
மறுப்பைச் சுமக்கும் அட்வெர்ப் (நெவர், ரேர்லி, செல்டம், ஹார்ட்லி எவர்) வாக்கியத்தின் தலைக்குப் போனால் ஹெல்பிங் வெர்பும் எழுவாயைத் தாண்டி முன்னால் வரும், கேள்வி வாக்கியம் மாதிரி. “நெவர் ஹேஸ் திஸ் பாக்ஸ் பீன் ஓபன்ட்.” ஹெல்பிங் வெர்ப் எத்தனை இருந்தாலும் முதலாவது மட்டும்தான் வரும், “நெவர் ஹேஸ் பீன் திஸ் பாக்ஸ் ஓபன்ட்” தவறு.

மறுப்பு இல்லாத “சம்டைம்ஸ்”, “யூஷுவலி”, “அக்கேஷனலி” முன்னால் வந்தால் எதுவும் புரளாது: “சம்டைம்ஸ் சச் ஆன் ஆஃபர் இஸ் மேட்.” “ஆல்வேஸ்” தலைக்கு வராது, “ஆல்வேஸ் தி கேட் இஸ் லாக்ட்” நம் ஊர்ப் பேச்சில் சகஜம், தேர்வில் பிழை.

ஜனக்புரி_அப்பா:
எங்கள் சொசைட்டி அறிவிப்புப் பலகையில் இருப்பதை மகள் படம் எடுத்து வந்தாள். “தி டேங்க் இஸ் டெய்லி க்ளீன்ட்.” இதுவும் சரியா என்கிறாள். பக்கத்திலேயே இன்னொன்று: “ரெசிடென்ட்ஸ் ஹூ ஆர் ரிமைண்டட் ரெகுலர்லி பே லேட்.” இதைப் படித்துவிட்டு நான் எப்போதும் ஒழுங்காகக் கட்டுகிறேனே என்று எனக்குக் கோபம்.

மயூர்விஹார்_மீனாட்சி:
“டெய்லி”, “வீக்லி”, “ட்வைஸ் எ மந்த்”, “எவ்ரி சண்டே” என்று கணக்காகச் சொல்பவை கடைசிக்குப் போக வேண்டும்: “தி டேங்க் இஸ் க்ளீன்ட் டெய்லி.” நடுவில் வருவது பழைய ஆங்கிலத்தில் உண்டு, நம் அறிவிப்புப் பலகைகளில் இன்னும் ஓய்வு பெறாமல் இருக்கிறது. யார் செய்கிறார் என்பதும் வந்தால் அவருக்குப் பிறகு: “இஸ் க்ளீன்ட் பை தி கான்ட்ராக்டர் ட்வைஸ் எ மந்த்.”

இரண்டாவது வாக்கியம்தான் விபத்து. “ரெகுலர்லி” இரண்டு பக்கமும் பார்க்கிறது. தவறாமல் நினைவூட்டப்படுகிறார்களா, தவறாமல் தாமதமாகக் கட்டுகிறார்களா? விதிப்படி “ஆர் ரெகுலர்லி ரிமைண்டட்” என்று முதல் ஹெல்பிங் வெர்புக்கு அடுத்து வைத்தால் முதல் பொருள் மட்டும். இரண்டாவதுதான் சொல்ல வேண்டும் என்றால் “ஹூ ஆர் ரிமைண்டட் ஸ்டில் ரெகுலர்லி பே லேட்.” எது அவர்கள் மனதில் இருந்தது என்று செயலாளரைக் கேளுங்கள்.

முனிர்க்கா_நிலா:
கேஸ் கணக்கில் மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது மேடம். நினைவூட்டப்பட்ட குடியிருப்பவர்களில் பலர் தாமதம் என்றும் படிக்கலாம். அப்பா அந்தப் பலரில் இல்லை என்று அவர் ஆறுதல் அடையலாம்.

ஜனக்புரி_அப்பா:
அடைந்துவிட்டேன் அம்மா. மகளுடைய கடைசிக் கேள்வி, இத்தோடு தூங்கப் போகிறாளாம். “இஸ் தி டேங்க் ஆல்வேஸ் க்ளீன்ட்?” என்று கேட்டால் “எஸ், இட் இஸ் ஆல்வேஸ்” என்று பதில் எழுதலாமா?

மயூர்விஹார்_மீனாட்சி:
கூடாது. வி3 விழுந்துவிட்டு “இஸ்” கடைசிச் சொல்லாக நின்றால் அட்வெர்ப் அதற்கு முன்னால் வந்துவிடும்: “எஸ், இட் ஆல்வேஸ் இஸ்.” “யூஷுவலி இஸ்”, “நெவர் ஹேஸ் பீன்” எல்லாம் இப்படித்தான். முழு வாக்கியமாகச் சொன்னால் பழையபடி “இட் இஸ் ஆல்வேஸ் க்ளீன்ட்.”

சும்மா_படிப்பவன்:
“ஆர் யூ எவர் ஆஸ்க்ட் அபவுட் மேரேஜ்?” “ஐ ஆல்வேஸ் ஆம்.” சரிதானே டீச்சர்?

மயூர்விஹார்_மீனாட்சி:
சரி.